கண்டுகொள்ளாத காலத்துப் பள்ளிக்கூடம்: மாணவர்கள் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும்

நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியர். படித்ததும் அரசுப் பள்ளியில்தான். 1981 ஜூனில் ஆறாம் வகுப்பில் சேர்ந்தேன், 1986 மார்ச்சில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினேன். ஊர் தஞ்சாவூர்ப் பக்கம், காவிரியிலிருந்து பிரியும் ஆறு ஒன்றின் கரையில். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் பாடம் முடிந்து கொஞ்சம் நேரம் மிச்சமிருந்தால் போதும், பிள்ளைகள் "சார், உங்க காலத்துல…" என்று ஆரம்பித்துவிடுவார்கள். பெற்றோர் கூட்டத்துக்கு வருகிறவர்களும் இதையே வேறு மாதிரி கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

கேள்வி: சார், உங்க காலத்துல ஸ்கூல் ரொம்ப ஜாலியா இருந்துச்சாமே, நிஜமா?

நிஜம்தான். ஆனால் அந்த ஜாலி எங்கிருந்து வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குச் சுதந்திரம் வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து யோசித்துக் கொடுக்கவில்லை. பெரியவர்கள் எங்களைக் கண்டுகொள்ளவில்லை. அவர்களுக்கு நடவு இருந்தது, அறுப்பு இருந்தது, கடன் இருந்தது. வீட்டுக்கு நான்கைந்து பிள்ளைகள். இதில் ஒருவன் எங்கே போகிறான் என்று யார் பார்ப்பது?

பள்ளிக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. மூன்று பக்கம் வயல், ஒரு பக்கம் ரோடு. வேப்பமரத்தில் கட்டித் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டுதான் மணி. அது காலையில் அடித்தால் உள்ளே, சாயங்காலம் நாலு பத்துக்கு அடித்தால் வெளியே. நாலு பத்திலிருந்து இருட்டும் வரைக்கும் உலகம் எங்களுடையது. அம்மா போட்ட சட்டம் ஒன்றே ஒன்றுதான்: "வெளக்கு வைக்கிறதுக்குள்ள வந்துடு." எங்கே போனாய், யாரோடு போனாய் என்ற கேள்வியெல்லாம் இல்லை.

மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் ஆறு. தண்ணீர் இல்லாத மாதங்களில் அதே ஆற்று மணலில் சடுகுடு. பள்ளி மைதானத்தில் பூப்பந்து. தஞ்சாவூர்தான் அந்த விளையாட்டுக்குத் தாய்வீடு என்பார்கள். மஞ்சள் கம்பளி நூலில் சுற்றிய பந்து, நைந்து போன வலை. மாமரம் வைத்திருந்தவர்கள் பாடு திண்டாட்டம்தான். இன்றைக்கு நான் வகுப்பில் பார்க்கிற பிள்ளைகளில் எத்தனை பேருக்கு யாரும் பார்க்காத ஒரு மணி நேரம் கிடைக்கிறது என்று யோசித்தால் மனசு கனத்துப் போகிறது.

கேள்வி: ஸ்கூலுக்கு எப்படி வந்தீங்க?

நடந்துதான். 3 கிலோமீட்டர், ஆற்றங்கரை மேலேயே. செருப்பு ஒன்பதாம் வகுப்பில்தான் வந்தது. மழைக்காலத்தில் புத்தகப்பையை உரச்சாக்கின் பிளாஸ்டிக் தாளில் சுற்றித் தலையில் வைத்துக்கொள்வோம். காசு இருந்தால் வாடகை சைக்கிள், ஒரு மணி நேரத்துக்கு 50 காசு. கடைக்காரர் நோட்டில் பெயரையும் நேரத்தையும் எழுதிக்கொள்வார். ஒரு சைக்கிளில் மூன்று பேர் போவோம். ஓட்டுகிறவனுக்குக் கால் எட்டாது. பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் போடுவான்.

கேள்வி: கட் அடிச்சிருக்கீங்களா சார்?

அடித்திருக்கிறேன். எட்டாம் வகுப்பில் ஒரு புதன்கிழமை. மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் நானும் இன்னும் இரண்டு பேரும் வயல் வழியாகவே நடந்து, பக்கத்து ஊர் தியேட்டருக்கு மேட்னி காட்சிக்குப் போனோம். தரை டிக்கெட். முன்னால் மணலில் உட்கார்ந்து பார்ப்பது. எந்தப் படம் என்பதுகூட இப்போது சரியாக நினைவில்லை. பயத்தில் பாதிதான் பார்த்தேன்.

நினைவிருப்பது அதற்கப்புறம் நடந்தது. டிக்கெட் கிழிக்கிறவர் எங்கள் தெரு அத்தை ஒருவரின் தம்பி. இடைவேளையில் முறுக்கு விற்ற பெரியவர் என் தாத்தாவிடம் குத்தகைக்கு இருந்தவர். திரும்பி வரும் வழியில் டீக்கடை, அங்கே எங்கள் மளிகைக்கடைக்காரர். படம் விட்டு நான் வீடு போய்ச் சேர்வதற்குள் சேதி போய்ச் சேர்ந்துவிட்டது. அப்பா அடிக்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்தபடியே, "படம் நல்லா இருந்துச்சா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை என்னால் இன்றும் தாங்க முடியவில்லை.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், எங்களை யாரும் காவல் காக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் நாங்கள் இன்னார் வீட்டுப் பிள்ளை என்று தெரியும். தெருவுக்குத் தெரு திண்ணை இருந்தது, திண்ணைக்குத் திண்ணை ஒரு கிழவர் இருந்தார். இன்றைக்குப் பள்ளி வாசலில் கேமரா வைத்திருக்கிறோம். கேமராவுக்கு யார் பிள்ளை என்று தெரியாது.

கேள்வி: லீவு போட்டா வீட்டுக்கு மெசேஜ் வராதா?

வராது. ஊரில் போனே நாலைந்து வீட்டில்தான். மறுநாள் லீவு லெட்டர் கொடுத்தால் போதும். "ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்" என்று தொடங்கும் அந்தக் கடிதத்தை ஆறாம் வகுப்பிலிருந்தே மனப்பாடமாக எழுதுவோம். நடவுக்குப் போனாலும் காய்ச்சல், திருவிழாவுக்குப் போனாலும் காய்ச்சல். அப்பா கையெழுத்தை அண்ணன் போடுவான். பல அப்பாக்களுக்குக் கையெழுத்தே கிடையாது, கைநாட்டுதான். என் அப்பாவுக்கு நான் எந்த வகுப்பு படிக்கிறேன் என்பதே ஒரு வருடம் தள்ளித்தான் தெரியும்.

கேள்வி: ஸ்கூல் வாசல்ல என்ன விப்பாங்க?

இலந்தவடை, கமர்கட், தேன்மிட்டாய், உப்பும் மிளகாய்த்தூளும் தடவிய மாங்காய், அரைநெல்லி, கொடுக்காப்புளி, சேமியா ஐஸ். ஜவ்வு மிட்டாய்க்காரர் மூங்கில் கம்பின் உச்சியில் பொம்மை கட்டி வருவார். மிட்டாயை இழுத்துக் கையில் வாட்ச் மாதிரி கட்டிவிடுவார். ஈ மொய்த்ததைத் தின்றோம். வயிற்றுப்போக்கும் வந்தது.

கேள்வி: டீச்சர்ஸ் ஸ்ட்ரிக்டா?

இங்கேதான் பெரிய முரண் இருக்கிறது. பள்ளிக்கு வெளியே எங்களை யாரும் கட்டுப்படுத்தவில்லை. உள்ளே ஆசிரியரை யாரும் கட்டுப்படுத்தவில்லை. எங்களைக் கண்டுகொள்ளாத அதே ஊர், அவர் கையிலிருந்த பிரம்பையும் கண்டுகொள்ளவில்லை.

பிள்ளையைச் சேர்க்க வரும் அப்பாக்கள் சொல்லும் வசனம் ஒன்று உண்டு: "கண்ணு ரெண்ட மட்டும் விட்டுட்டுத் தோல உரிச்சிடுங்க சார்." என் அப்பாவும் சொன்னார். அடிக்கப் போகும் குச்சியை அடி வாங்கப் போகிறவனே ஒடித்து வர வேண்டும். புளியமிளாறு. மெல்லியதாகக் கொண்டுவந்தால் திருப்பி அனுப்புவார்கள்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனுக்குத் திக்குவாய். செய்யுள் ஒப்பிக்கச் சொன்னால் முதல் எழுத்திலேயே நின்றுவிடுவான். அவனுக்குப் பாட்டு முழுக்கத் தெரியும். முந்தின நாள் ஆற்றங்கரையில் எனக்கு அவன்தான் பாடிக் காட்டுவான். பாடும்போது திக்காது. வகுப்பில் எழுந்து நின்றால் உதடு நடுங்கும், அடி விழும். உட்கார்ந்தபின் டவுசரில் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே இருப்பான். ஒன்பதாம் வகுப்புக் காலாண்டோடு நின்றுவிட்டான். யாரும் வீட்டுக்குப் போய்க் கேட்கவில்லை. ஆசிரியர் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பின்னால் லாரி பட்டறையில் சேர்ந்தான் என்று கேள்விப்பட்டேன்.

தமிழ்நாட்டில் 2003-ல் கல்வி விதிகளைத் திருத்தி இந்தத் தண்டனையை நிறுத்தினார்கள். அப்புறம் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு நாடு முழுக்க உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்தது. "அடி வாங்கினதாலதான் நாங்க உருப்பட்டோம்" என்று சொல்லும் என் வயதுக்காரர்களிடம் நான் ஒன்று சொல்வேன்: உருப்பட்டவர்கள்தான் அதைச் சொல்ல இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறோம். நின்று போனவர்கள் வரவில்லை.

எல்லா ஆசிரியரும் அப்படியில்லை, இதையும் சொல்ல வேண்டும். எங்கள் தமிழ் ஐயா ஐந்து வருடத்தில் யார் மேலும் கை வைத்ததில்லை. தப்புச் செய்தால், "உக்காருப்பா, நாளைக்குப் படிச்சிட்டு வா" என்பார். அவர் வகுப்புக்கு மட்டும் யாரும் கட் அடித்ததில்லை.

கேள்வி: பசங்க சிகரெட், தண்ணியெல்லாம்?

இருந்தது. மறைக்க ஒன்றுமில்லை. சில ஆசிரியர்கள் மாணவனிடமே காசு கொடுத்து, "ஒரு கட்டு பீடி, ஒரு தீப்பெட்டி" என்று அனுப்புவார்கள். கடைக்காரரும் பேசாமல் கொடுப்பார். வாங்கி வருகிற பையன் வழியில் ஒன்றை உருவிக்கொள்வான். 1981-ல் சாராயக்கடையும் கள்ளுக்கடையும் மறுபடி திறந்தார்கள். நாங்கள் பள்ளிக்குப் போகும் பாதையிலேயே ஒரு சாராயக்கடை இருந்தது. 1987-ல்தான் மூடினார்கள். பத்தாம் வகுப்பில் பெயிலாகி மறுபடி படித்த அண்ணன்கள் சிலர் சாயங்காலம் அங்கே நிற்பதைப் பார்த்திருக்கிறேன். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் புகையிலை விற்கக் கூடாது, பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் கடையே கூடாது என்ற சட்டம் 2003-ல்தான் வந்தது. இந்த ஒரு விஷயத்தில் பழைய காலத்தின் மேல் எனக்குத் துளி ஏக்கம் இல்லை.

கேள்வி: கேர்ள்ஸுக்கும் இதே மாதிரி ஃப்ரீடம் இருந்துச்சா சார்?

இதைக் கேட்டது எட்டாம் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்காரும் ஒரு பெண். பதில் சொல்லுமுன் என் அக்காவுக்குப் போன் செய்து பேசினேன். அவள் என்னைவிட இரண்டு வயது மூத்தவள், அதே பள்ளி.

ஏழாம் வகுப்பு முடியும் வரை அவள்தான் எங்கள் கூட்டத்துக்குத் தலைவி. ஆற்றில் கரைக்குக் கரை நீந்துவதில் அவளை யாரும் முந்தியதில்லை. எனக்கு நீச்சல் சொல்லிக் கொடுத்தவளும் அவள்தான். எட்டாம் வகுப்பு அரையாண்டு விடுமுறையில் வயதுக்கு வந்தாள். தனியே உட்கார வைத்தார்கள், மஞ்சள் நீராட்டினார்கள், தாவணி வந்தது. திரும்பப் பள்ளிக்குப் போகும்போது ஆற்றங்கரைப் பாதை போய், ரோட்டுப் பாதை வந்தது. கூடவே துணைக்கு நானும். அவளைவிடச் சின்னவன், அவளிடம் நீச்சல் கற்றவன், அவளுக்குக் காவல்.

"தண்ணி வந்த அன்னிக்கு நீங்கள்லாம் கத்துற சத்தம் கொல்லையில எனக்குக் கேக்கும்டா. கிணத்தடியில பாத்திரம் தேய்ச்சுக்கிட்டே கேட்டுட்டு இருப்பேன்" என்றாள் போனில். நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. இதை அவள் என்னிடம் சொன்னது இதுதான் முதல் தடவை.

வகுப்பில் பெண்களுக்குத் தனி வரிசை. பையன்களோடு பேச்சு கிடையாது. ஒரு பெண்ணின் நோட்டில் யாரோ ஒரு பையன் பெயரை எழுதி வைத்துவிட்டான். அவள் அந்த வாரத்தோடு நின்றாள். எழுதியவன் தேர்வு எழுதி பாஸ் ஆனான். எங்களைக் கண்டுகொள்ளாத ஊருக்குப் பெண் பிள்ளைகளைப் பார்க்க மட்டும் ஆயிரம் கண் இருந்தது.

அக்கா பத்தாம் வகுப்பில் 500-க்கு 412. இரண்டு வருடம் கழித்து எழுதிய நான் 371. மேல்நிலைப் பள்ளி 9 கிலோமீட்டர் தள்ளி. என்னை பஸ்ஸில் அனுப்பினார்கள், அவளை அனுப்பவில்லை. 2001-02-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கி, பிறகு எல்லோருக்கும் விரித்தபோது என் பள்ளி மைதானத்தில் சைக்கிள்களை வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார்கள். அவற்றைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

கேள்வி: எல்லாப் பசங்களும் ஒண்ணாதான் விளையாடினீங்களா?

பள்ளிக்குள் ஒன்றாக. ஆற்றில் இல்லை. எங்கள் தெருவுக்கு ஒரு படித்துறை, காலனிப் பையன்களுக்கு அரை மைல் கீழே, படிக்கட்டு இல்லாத சேற்றுக் கரை. அப்படி ஒரு பலகை எதுவும் எழுதி வைக்கவில்லை. எழுதாமலே எல்லோருக்கும் தெரியும். பூப்பந்தில் எங்கள் அணியின் நடு ஆட்டக்காரன் அந்தத் தெருப் பையன். போட்டியில் ஜெயித்துவிட்டு ஒன்றாகக் கத்திக்கொண்டு வருவோம். ஆற்றங்கரை வந்ததும் நாங்கள் படியில் இறங்குவோம், அவன் கை காட்டிவிட்டுத் தன் கரைக்கு நடப்பான். அப்போது எனக்கு அதில் எதுவும் உறுத்தவில்லை என்பதுதான் இப்போது உறுத்துகிறது.

கேள்வி: மதியம் என்ன சாப்பிடுவீங்க?

தூக்குவாளியில் பழையசோறு அல்லது தயிர்சாதம், ஊறுகாய். கொண்டுவராதவர்கள் கைப்பம்பு பக்கம் போவார்கள். தண்ணீர் குடிக்கிறார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதுதான் அவர்களுக்குச் சாப்பாடு என்பது புரிய எனக்கு வெகுநாள் ஆனது. எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982 ஜூலை 1 அன்று சத்துணவுத் திட்டம் தொடங்கியபோது அது சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும். 10 முதல் 15 வயது வரை உள்ளவர்களுக்கு 1984 செப்டம்பரில்தான் நீட்டித்தார்கள். அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு. முதல் நாள் தட்டோடு வரிசையில் நின்றவர்களைப் பார்த்தபோதுதான், கைப்பம்புக்குப் போனவர்கள் இத்தனை பேரா என்று தெரிந்தது. என் வகுப்பில் பாதி.

கேள்வி: ஆபத்தா எதுவும் நடக்கலையா சார்?

நடந்தது. ஏழாம் வகுப்பு ஆடி மாதம், புது வெள்ளம். எங்களோடு குளித்த ஒருவன் மதகுப் பக்கம் போனான். மதகுக்குக் கீழே சுழல் இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். மறுநாள் காலையில் இரண்டு மைல் தள்ளி நாணல் புதரில் கிடைத்தான்.

அடுத்த திங்கட்கிழமை வருகைப்பதிவு எடுத்த ஆசிரியர் பழக்கத்தில் அவன் பெயரையும் படித்துவிட்டார். யாரும் "உள்ளேன் ஐயா" சொல்லவில்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, ஸ்கேல் வைத்து, ஒரு கோடு இழுத்தார். அந்த வாரம் முழுக்க நாங்கள் ஆற்றுக்குப் போகவில்லை. அடுத்த வாரம் போனோம். யாரும் தடுக்கவில்லை.

இன்னொன்று, எங்கள் வகுப்பறை. 1977 நவம்பர் புயலில் பள்ளியின் ஓட்டுக் கட்டடத்தில் பாதி போய்விட்டது. தற்காலிகமாகக் கீற்றுக் கொட்டகை போட்டார்கள். 1986-ல் நான் பள்ளியை விட்டு வரும்போதும் அதே கொட்டகைதான். மேலேயிருந்து பூரான் விழும், மழை ஒழுகும். தீப்பிடிக்கும் என்று ஒருவரும் யோசித்ததில்லை.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் போனார்கள். சமையல் கூடத்தில் பற்றிய தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது. அன்று நான் அங்கிருந்து 20 கிலோமீட்டரில் ஒரு பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அங்கேயும் ஒரு கீற்றுக் கொட்டகை இருந்தது. அடுத்த வாரம் ஆசிரியர்கள் நாங்களே ஏறி அதைப் பிரித்தோம். இறக்கிப் போட்ட காய்ந்த கீற்று ஒன்றில் எங்கள் பி.டி. ஆசிரியர் தீக்குச்சியை உரசி வைத்துப் பார்த்தார். பத்து எண்ணுவதற்குள் ஒன்றுமில்லை. யாரும் பேசவில்லை. நாங்கள் படித்ததும் அதற்குக் கீழேதானே, ஐந்து வருடம்.

ஆகவே, பள்ளிப் பாதுகாப்பு விதிகளைப் பார்த்து "இதெல்லாம் எதுக்கு, எங்க காலத்துல…" என்று யாராவது தொடங்கினால் நான் பாதியிலேயே நிறுத்திவிடுவேன்.

கேள்வி: டி.வி., போன் இல்லாம போர் அடிக்கலையா?

அடித்தது. போர் அடித்தால்தான் ஏதாவது செய்யத் தோன்றும். ரேடியோவில் இலங்கை வானொலி தெளிவாகக் கேட்கும். மற்றபடி, மதகுக் கட்டையில் உட்கார்ந்து எதுவுமே செய்யாமல் இரண்டு மணி நேரம் பேசுவோம். என்ன பேசினோம் என்று இப்போது கேட்டால் தெரியாது.

கேள்வி: பைக் ஓட்டுவீங்களா?

டி.வி.எஸ். 50 வந்த புதிது. மிராசுதார் வீட்டுப் பையன் ஒன்பதாம் வகுப்பிலேயே ஓட்டி வருவான். லைசென்ஸ் என்ற பேச்சே இல்லை. அன்றைக்கு ரோட்டில் மாட்டு வண்டியும், மணிக்கு ஒரு பஸ்ஸும்தான். இப்போது 18 வயது ஆகாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், பெற்றோருக்கோ வண்டியின் சொந்தக்காரருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டுவரை சிறையும் உண்டு. 2019 திருத்தம் அது. வண்டியில் வருகிற பிள்ளைகளே, வேப்பமரத்துக்குப் பின்னால் நிறுத்திவிட்டு நடந்து வருவது எனக்குத் தெரியும். வேண்டாம்.

கேள்வி: மார்க் டென்ஷன் கிடையாதா?

உண்டு, ஆனால் கடைசி மூன்று மாதம்தான். கோனார் உரையைக் கடன் வாங்கிப் படிப்போம். தேர்வு முடிவு பேப்பரில் வெறும் எண்ணாக வரும். "நம்பர் வந்திருக்கா?" என்பதே கேள்வி. மார்க் பிறகுதான் தெரியும். தமிழ்நாட்டில் 1978-ல்தான் பிளஸ் டூ வந்தது, அப்போது சில வருடமே ஆகியிருந்தது. அதற்கு முன்னால் 11 வருடம் பள்ளி, அப்புறம் கல்லூரியில் பி.யூ.சி. அதனால் பத்துக்குப் பிறகு என்ன என்பதில் வீட்டில் யாருக்கும் தெளிவில்லை. முதல் மூன்று இடம் அறிவிக்கும் வழக்கத்தை 2017-ல் நிறுத்தியபோது நான் சந்தோஷப்பட்டேன். அந்த மூன்று முகத்தைக் காட்டி மற்ற பிள்ளைகளைக் குத்திய வீடுகள் எத்தனை!

டென்ஷன் குறைவு என்பதற்கு இன்னொரு காரணம், எங்களிடம் யாரும் பெரிதாக எதையும் எதிர்பார்க்கவில்லை. பெயிலானால் மாடு மேய்க்கலாம், திருப்பூருக்குப் போகலாம். அதை நிம்மதி என்று சொல்லலாமா என்று எனக்குத் தயக்கம் உண்டு.

கேள்வி (ஒரு தாயார், பெற்றோர் கூட்டத்தில்): அப்படின்னா புள்ளைங்கள அந்தக் காலம் மாதிரி விட்டுடலாமா, வேண்டாமா சார்?

அப்படியே விட முடியாதும்மா. ஊரே மாறிவிட்டது. ரோட்டில் லாரி போகிறது. மணல் அள்ளிய இடத்தில் ஆழம் எங்கே என்று கரையில் நிற்பவருக்குத் தெரியாது. திண்ணையை இடித்து கிரில் கேட் போட்டுவிட்டோம். தெருவில் போகிற பையன் யார் வீட்டுப் பிள்ளை என்று பக்கத்து வீட்டுக்கே தெரிவதில்லை.

ஆனால் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் மகன் நாலரைக்கு வீட்டுக்கு வருகிறான், ஐந்துக்கு டியூஷன், ஏழரைக்குத் திரும்புகிறான், அப்புறம் வீட்டுப்பாடம். எப்போது அவன் தானாக ஒன்றை முடிவு செய்கிறான்? என் வகுப்பில் இரண்டு பையன்களுக்குள் பென்சில் தகராறு வந்தால் இருவரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். ஒன்பதாம் வகுப்புப் பையன்கள்! நாங்கள் ஆற்று மணலில் சண்டை போடுவோம், உருளுவோம், பிறகு யார் பக்கம் நியாயம் என்று நாங்களே பஞ்சாயத்து பேசி முடிப்போம். அதைச் சொல்லிக் கொடுக்க என்னிடம் பாடப்புத்தகம் இல்லை. கடைக்கு நடந்து போய் வரட்டும். சாயங்காலம் ஒரு மணி நேரம், கூப்பிடு தூரத்தில், ஆனால் கண் பார்வைக்கு வெளியே இருக்கட்டும். பெண் பிள்ளைக்கும் அதே ஒரு மணி நேரம். அதை டியூஷனுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: சார், எங்கள ஒரு நாள் ஆத்துக்குக் கூட்டிட்டுப் போங்க சார், ப்ளீஸ்!

இதைக் கேட்காத வெள்ளிக்கிழமை இல்லை. போன மாதம் நான் திருப்பிக் கேட்டேன்: "இங்க எத்தனை பேருக்கு நீச்சல் தெரியும்?" ஆற்றங்கரை ஊர்ப் பிள்ளைகள், 38 பேர். 4 கை உயர்ந்தது. நாலும் பையன்கள்.

அதனால் ஆறு இப்போது இல்லை. தலைமையாசிரியரிடம் பேசிவிட்டேன். கோடை விடுமுறையில் ஊர்க் குளத்தில் இடுப்பளவுதான் தண்ணீர் இருக்கும். காலை ஆறு மணிக்கு, பெற்றோர் கையெழுத்தோடு வருகிறவர்களுக்கு மட்டும். கையெழுத்தை அண்ணன் போட்டால் எனக்குத் தெரியும். பையன்களுக்கு நானும் பி.டி. சாரும். பெண்களுக்கு என் அக்கா வருகிறேன் என்றிருக்கிறாள். பஞ்சர் கடையில் லாரி டியூப் இரண்டு சொல்லி வைத்திருக்கிறேன். மாற்று உடை கொண்டு வாருங்கள்.